தாய்மாமன் இடம்

‘ஒரு மனுசன் எந்தப் பக்கம்னு அவன் பேச்சைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க, அவன் எந்த வீட்டுல…’ எந்த வீட்டில் என்ன? கை நனைக்கிறான் என்று முடித்தாரா, செருப்பைக் கழற்றுகிறான் என்று முடித்தாரா? ராசுச் சித்தப்பா யூனியன் தேர்தலில் நின்று தோற்ற வருடம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ட்யூப்லைட் கட்டிய மேடையில் பேசியது. கூட்டத்தில் நானும் இருந்தேன், பெரியப்பா மகன் சோலையும் இருந்தான், இருவருக்கும் அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. பாதி வாக்கியம் இருக்கிறது. மீதியை மைக்செட்டின் கீச்சொலி தின்றுவிட்டது, இல்லை நான் அமெரிக்காவில் இருந்த வருடங்கள் தின்றுவிட்டன. சோலையிடம் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவான், அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், அதனாலேயே கேட்கப் போவதில்லை. இந்தத் தேனி மண்டபத்தில் ஏசி என் கழுத்தில் மட்டும் படுகிறது. நாற்காலிக்கு வெள்ளைத் துணி போட்டுப் பின்னால் ரோஸ் ரிப்பன் கட்டியிருக்கிறார்கள், சாய்ந்தால் முடிச்சு முதுகில் குத்துகிறது. மூன்றாவது வரிசை. பெண்ணின் சொந்தத் தாய்மாமன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், வாசலில் தடவிய சந்தனம் மணிக்கட்டில் காய்ந்து இழுக்கிறது, வெல்க்ரோ ஒட்டிய வேட்டி, எழுந்தால் சத்தம் வருமோ என்று எழுந்திருக்காமல். சோலை மேடையில் நிற்கிறான். சாதாரண வேட்டி, ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் முனையை உதறிச் செருகுகிறான், பார்க்காமலே. அவன் தோளில் அரக்குக் கரைப் பட்டுத் துண்டு. தாய்மாமன் துண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு மணமகள் அறைக்குப் போவான், சிந்துஜாவுக்கு மாலை போடுவான், கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவான். என் தங்கச்சி மகளை. “முகத்தைக் கொஞ்சம் மாத்துங்க, வீடியோவுல விழும்” என்கிறாள் ஹேமா, போனிலிருந்து தலையைத் தூக்காமல். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு முகத்தைப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

யாரும் என் இடத்தைப் பிடுங்கவில்லை, அதுதான் சிக்கல், பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிந்துஜா பெரியவளானபோது தமயந்தி கொலம்பஸுக்குப் போன் செய்தாள், “அண்ணே, தாய்மாமன் சீர் நீதான் கொண்டாரணும், லீவு கிடைக்குமா?” நான் லீவு கேட்கவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினேன், நல்ல தமிழில், பத்தி பிரித்து. ஒரு சிறுமியின் உடம்பில் நடந்ததை ஊருக்கு மைக் வைத்துச் சொல்வது அவளை அவமானப்படுத்துவது, தட்டு வரிசையும் மாமன் மாலையும் இந்தப் பெண்ணுக்கு இன்னார் உரிமைக்காரன் என்று பதிவு செய்கிற பழைய ஏற்பாடு, இதில் நான் பங்கெடுக்க மாட்டேன். இன்றைக்கும் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற மாட்டேன். சிந்துஜாவே அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குத் தெரியாமல் செய்தி அனுப்பியிருந்தாள், ‘தேங்க்ஸ் மாமா, எனக்கும் சுத்தமா பிடிக்கல.’ நான் சரி. நான் சரியாகத்தான் இருந்தேன். ஆனால் விழா நடந்தது. பெரியப்பா மகன் சோலை தட்டுகளோடு போனான், வேன் பிடித்து, கொட்டுமேளத்தோடு, மாலை போட்டான். ஆல்பத்தில் அவள் வேண்டா வெறுப்பாக நிற்கிற படத்தில் அவன் ஏதோ சொல்லி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பல் எல்லாம் தெரிகிறது. என்ன சொன்னான்? இத்தனை வருடமாக அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்ன சொல்லியிருப்பான் என்றுதான் தோன்றுகிறது, நான் எழுதியது ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வருவதில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, வீடு பார்த்து, பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் இந்தக் கல்யாணம். தமயந்தி பத்திரிகை வைக்க வந்தபோதே சொல்லிவிட்டாள். “மாமன் முறைக்குச் சோலை அண்ணன்கிட்டயே சொல்லிட்டோம்ணே. உன் கொள்கைக்குச் சங்கடமா இருக்கும்ல.” எத்தனை மரியாதையாகச் சொன்னாள். கொள்கை என்ற சொல்லை எனக்குச் சர்க்கரை போடாத காபி கொடுக்கிற மாதிரி, ஞாபகம் வைத்து, தனி டம்ளரில். நான் சொன்னதை இந்தக் குடும்பத்தில் முதல் தடவையாக ஒருத்தி அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். “ஆமா ஆமா, அதுதான் சரி” என்றேன். அவள் போன பிறகு பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தாய்மாமன் என்று போட்டு இரண்டு பெயர். என்னுடையது முதலில், கீழே அவனுடையது. அச்சில் மட்டும் நான்.

ஆனால் இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிரதீபன் விஷயத்தைச் சிந்துஜா முதலில் சோலையிடம் சொன்னாள் என்பதைத்தான் முழுங்க முடியவில்லை, அது இங்கே, நெஞ்செலும்புக்குக் கொஞ்சம் கீழே, காலையில் குடித்த காபியோடு சேர்ந்து புளித்துக்கொண்டு. வேற ஆட்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்களே, அந்தப் பையன் வேற ஆட்கள், அதிலும் எங்கள் சனம் பந்தியில் பக்கத்தில் உட்காராத ஆட்கள். அந்த வார்த்தைக்கு எதிராக நான் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், இரண்டு மொழியில். அவள் என்னிடம் அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? சோலையின் வீட்டுச் சுவரில் சாதிச் சங்கத்துக் காலண்டர் தொங்குகிறது. கேட்டே விட்டேன், சிரித்துக்கொண்டே கேட்கிற மாதிரி. “உங்ககிட்ட சொன்னா நீங்க சரின்னுதானே சொல்லப் போறீங்க மாமா” என்றாள் சிந்துஜா, அவளும் சிரித்துக்கொண்டு, “அதனால உங்களுக்கு அவசரமில்லைன்னு விட்டுட்டேன்.” அவசரமில்லை. என் சம்மதம் குழாயில் எப்போதும் வருகிற தண்ணீர், யாரும் குடம் வைத்துக் காத்திருக்க வேண்டாம். சோலை மேஜையைத் தட்டினான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான், மூன்று மாதம் தமயந்தி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். அவன் கூடாது என்று சொல்லக்கூடியவன், அதனால் அவன் ஆமாம் என்றபோது தமயந்தி அழுதாளாம். நான் போனில் ஆமாம் என்றபோது, “சரிண்ணே, குக்கர் விசில் அடிக்குது, அப்புறம் பேசுறேன்” என்றாள். திரும்பி வந்த சோலை எப்படி வந்தான்? திருந்தி வந்தானா, வருந்தி வந்தானா? பையனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து காரில் என்னிடம் சொன்னான், “பையன் தங்கம்ப்பா. நல்ல நிறம், நல்ல பேச்சு. பார்த்தா தெரியவே தெரியாது.” பார்த்தால் என்ன தெரியாது என்றேன். “அதான்ப்பா.” எதுதான் என்றேன், குரல் உயர்ந்துவிட்டது. “விடுப்பா, உன்கிட்ட வாயைத் திறந்தா கோர்ட்டுல கூண்டுல நிக்கிற மாதிரி இருக்கு” என்று ஜன்னலை இறக்கி வெற்றிலையைத் துப்பினான். அந்த வாக்கியத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். பார்த்தா தெரியவே தெரியாது. இதைச் சொன்ன வாயோடு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு. யாராவது கேட்க வேண்டாமா? கேட்க வேண்டியவன் நான்தானே? அப்படி நினைக்கும்போது உடம்பு நிமிர்கிறது, முதுகில் ரிப்பன் முடிச்சு தெரியவில்லை, நியாயம் போல இருக்கிறது. உடனே தோளில் அந்தத் துண்டைப் பார்க்கிறேன், நியாயம் எங்கேயோ போய்விடுகிறது, துண்டு மட்டும் நிற்கிறது.

கொலம்பஸில் ஒரு சாயங்காலம் சர்வே என்று ஒரு பெண் போனில் கேட்டாள், ஒன்று என்றால் முழு லிபரல், ஏழு என்றால் முழு கன்சர்வேடிவ், உங்களை எங்கே வைத்துக்கொள்வீர்கள்? இரண்டு என்றேன். போனை வைத்த பிறகு ஒன்று என்று சொல்லியிருக்கலாமே என்று பனி தள்ளுகிற வரை யோசித்தேன். என்ன கூச்சம், யாருக்குக் கூச்சம். ஜாதகம் பார்க்காமல்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்றேன், செய்தேன், அம்மா பார்த்துவிட்டுத்தான் ஹேமா போட்டோவை அனுப்பினாள் என்பது பிறகு தெரிந்தது. ஹேமா வேற ஆட்கள் இல்லை. அதற்கு அந்தச் சர்வேயில் எண் இல்லை. திரும்பி வந்த புதிதில் டீக்கடையில் அதே கேள்வியைத் தமிழாக்கிச் சோலையிடம் கேட்டேன், ஒன்றென்றால் முற்போக்கு, ஏழென்றால் பழமைவாதம். “எந்த நம்பர் ஃபேனுக்குக் கீழ இருக்கோ அதைப் போட்டுக்கப்பா” என்றான், கடையே சிரித்தது, டீ மாஸ்டர் வரைக்கும். பொம்பளைப் பிள்ளைக்கு ஆறு மணிக்கு மேல் வெளியே என்ன வேலை என்பவன், அவன் மகள் பெங்களூரில் புல்லட் ஓட்டுகிறாள், வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலுக்கு அரிசி மூட்டை அனுப்புவான், அன்றைக்கே குழுவில் அதே பள்ளிவாசல்காரர்களைத் திட்டுகிற ஒரு வீடியோவைத் தள்ளிவிடுவான். ஏன்டா இதை அனுப்பினாய் என்றால், “வந்துச்சு, அனுப்புனேன்.” இவனை எந்தக் கட்டத்தில் வைப்பது? வைக்க முடியாததால் எல்லோரும் மடியில் வைத்துக்கொள்கிறார்கள். என்னை வைப்பது சுலபம், வைத்துவிட்டார்கள், மூன்றாவது வரிசையில். எனக்குப் பின்னால் பெரியகுளத்துக்காரர்கள், அம்மா வழிச் சனம், விடியலில் வேன் பிடித்து வந்தவர்கள். மல்லிகை வாசமும் தைல வாசமும் முன்னால் வருகின்றன, பேச்சும் வருகிறது. “யாரு கைபிடிச்சுக் கூட்டியாறது?” “சோலைதான்.” “கூடப் பொறந்தவன் அமெரிக்காக்காரன் வந்துட்டானாமே?” “அவனுக்கு இதெல்லாம் ஆகாதுத்தா. சாமியே கும்பிட மாட்டான்.” “அப்ப முதப் பந்தியில மாப்பிள்ளையோட மாமன் பக்கத்துல?” “அதுவும் சோலைதான். அவன் உக்காந்தா நாமளும் உக்காருவோம்னு பேச்சு.” “அமெரிக்காக்காரன் உக்காந்தா?” பாக்கு வெட்டுகிற சத்தம். “அவன் யார் வீட்டுல வேணாலும் திங்கிறவன். அவன் தின்னா அதுல என்னாத்தா இருக்கு?” இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. என்னைப் பிடித்தும் இருக்கிறது அவர்களுக்கு. ஹேமாவுக்கும் கேட்டிருக்க வேண்டும், போனில் விரல் நின்றுவிட்டது.

எங்கள் வழக்கம் அது. தாலி ஏறியதும் இரண்டு தாய்மாமன்களும் ஒருவருக்கொருவர் மாலை போட்டு, முதல் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வேண்டும். அவர்கள் சோற்றில் கை வைத்த பிறகுதான் இரண்டு பக்கத்துச் சனமும் கை வைக்கும். இத்தனை நாள் அது இனிப்பில் முந்திக் கை வைப்பது யார் என்கிற விளையாட்டு, இன்றைக்கு அப்படி இல்லை. பெரியகுளத்துக்காரர்கள் இலையில் உட்கார்ந்தால் இந்தக் கல்யாணம் நடந்தது, உட்காராமல் வேனைக் கிளப்பினால் மண்டபத்தில் ஒரு சடங்கு நடந்தது, அவ்வளவுதான், சிந்துஜா இனிமேல் எந்த வீட்டு விசேஷத்துக்கும் புருஷனோடு போக முடியாது. அதோ மாப்பிள்ளையின் மாமன், மாணிக்கராஜ், கூட்டுறவு பேங்கில் இருக்கிறாராம், சட்டைப் பையில் இரண்டு பேனா, விரைப்பாக நிற்கிறார், எங்கே நிற்பது என்று யோசிக்கிறவர் நிற்கிற மாதிரி. சோலை போனை மடியில் செருகிக்கொண்டு போய் அவர் தோளில் கை போடுகிறான். எல்லோரும் பார்க்கிற இடத்தில். போட்டுக்கொண்டே மேடை ஓரத்துக்கு நடத்திவந்து, பந்தல்காரனைக் காட்டி என்னவோ சொல்கிறான், அவர் சிரிக்கிறார், மறுபடி பல் எல்லாம் தெரிகிற சிரிப்பு, இவன் என்னதான் சொல்கிறான் எல்லோரிடமும்? பின்னால் பேச்சு நின்றுவிட்டது, பார்க்கிறார்கள். அந்தக் கையை நான் போட்டிருந்தால்? நான் நேற்றே போட்டேனே, மாப்பிள்ளை அழைப்பில், கட்டித் தழுவினேன், அவர் ஆடு மாதிரி நின்றார், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கைக்கு எடை இல்லை. அவன் கை கனக்கிறது, அந்தக் கை இத்தனை நாள் இந்த மாதிரித் தோள்களில் விழாமல் இருந்ததனாலேயே கனக்கிறது. இது என்ன நியாயம்? ஆயுசுக்கும் தப்பாக இருந்தவன் ஒரு நாள் சரியாக இருந்தால் ஊர் எழுந்து நிற்கிறது, ஆயுசுக்கும் சரியாக இருந்தவனுக்கு ஏசி கழுத்தில் அடிக்கிறது. எழுந்து போய் மாணிக்கராஜிடம் சொல்லிவிடலாம். சார், உங்கள் தோளில் இருக்கிற கை உங்கள் மருமகனைப் பார்த்துவிட்டு என்ன சொன்னது தெரியுமா? அவர் தோளைக் குலுக்கிக் கையை உதறுவார். இல்லை, உதற மாட்டார், அவருக்குத் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும், எத்தனை பேர் இதே வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே பாராட்டாகச் சொல்லியிருப்பார்கள், தெரிந்துதான் சிரிக்கிறார், மருமகனுக்காகச் சிரிக்கிறார். நான் சொன்னால் அது யாருக்காக? வெல்க்ரோவைத் தடவிப் பார்க்கிறேன், இருக்கிறது. நாதஸ்வரக்காரர் சீவாளியை நாக்கில் நனைக்கிறார். நெய் வாசனை, புகை, கண் எரிகிறது. புகையில்தான் எரிகிறது.

“அண்ணே.” தமயந்தி. பட்டுப்புடவையை வாரிப் பிடித்துக்கொண்டு நாற்காலி வரிசைக்குள் நெருக்கி வந்து என் பக்கத்தில் குந்துகிறாள், மூச்சு வாங்குகிறது. மேடையைப் பார்க்கிறேன், சோலையின் தோள் வெறுமையாக இருக்கிறது. அவளிடம் இருக்கிறது துண்டு, மடித்து, வெற்றிலையோடு. என் மடியில் வைக்கிறாள். “சோலை அண்ணன் குடுத்து விட்டுச்சு. ‘அவன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலை, கூடப் பொறந்தவன் அவன்தான, அவனுக்குத்தான் முறை, கொண்டுபோய்க் குடு’ன்னுச்சு.” இதையும் அவனே கொடுக்கிறான். கேட்காமலே, சண்டை போடாமலே, போனில் பேசிக்கொண்டே எடுத்துக் கொடுத்திருப்பான், எனக்கு மிச்சம் இருந்த புகாரும் போயிற்று. ஆனால் துண்டு மடியில் கனமாக இருக்கிறது, ஜரிகை விரலில் உரசுகிறது, பட்டில் இன்னும் அவன் உடம்புச் சூடு. சிந்துஜாவின் கை எப்படி இருக்கும், மருதாணி பிடித்து, ஜில்லென்று. விமான நிலையத்தில் நாலு வயதில் என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாளே, அப்புறம் நான் பிடிக்கவே இல்லையே. “பெரியகுளத்துக்காரங்க?” என்கிறேன் மெல்ல. தமயந்தி பின்னால் ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறாள். “அதான் தெரியலைண்ணே. சோலை அண்ணன் உக்காந்தா உக்காருவோம்னு வந்தவங்க. நீ உக்காந்தா… நீ தப்பா எடுத்துக்காத.” “எடுத்துக்கலை. சிந்து என்ன சொல்றா?” “யார் வந்தாலும் சரிங்கிறா. ஆனா காலையிலருந்து தண்ணிகூட இறங்கலை அவளுக்கு. பிரதீபனோட அம்மா முன்னாடி எவனும் இலையை விட்டு எந்திரிச்சுப் போயிரக் கூடாது, எந்திரிச்சுப் போயிரக் கூடாதுன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கா.” கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், மை கலையாமல், ஒற்றை விரலால். “உனக்கு ஆசை இருந்தா நான் மறுக்க மாட்டேண்ணே. நீதான் என் அண்ணன். என்ன செய்யட்டும், சீக்கிரம் சொல்லு, ஐயர் கூப்பிட்டுட்டாரு.” ஆசை. எத்தனை வருடமாயிற்று இந்த வீட்டில் என்னிடம் யாராவது அந்த வார்த்தையைச் சொல்லி. மேடையில் சோலை வெறுந்தோளோடு நின்று எனக்குத் தலையை ஆட்டுகிறான், வா வா என்று, பந்திக்குக் கூப்பிடுவது மாதிரி. பின்னால் பாக்குவெட்டி நின்றிருக்கிறது. ஹேமா என் கையைப் பார்க்கிறாள், முகத்தை அல்ல. கை துண்டின் மேல் இருக்கிறது, ஒரு மடிப்புப் பிரிந்திருக்கிறது, நான்தான் பிரித்திருக்க வேண்டும்.

“எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, சோலையே போகட்டும்” என்று சொல்லித் துண்டைத் தமயந்தி கையில் கொடுத்தேன்.